பள்ளத்தெருக்காரர்கள் சாகப் போகும் இடம்

இருமல் நோய் வந்த ஆண்டு பள்ளத்தெருவில் ஒருவர்கூடச் சாகவில்லை. செத்தவர்கள் மறுநாள் காலையில் எழுந்து தையல் கூடத்துக்கு வேலைக்குப் போனார்கள். காரணம் சாதாரணமானது. சோதனை செய்து நோய் என்று உறுதியானால்தான் சாவு அரசாங்கக் கணக்கில் ஏறும். சோதனை வண்டியோ மேட்டுத்தெருவைத் தாண்டிக் கீழே இறங்கியதே இல்லை. கணக்கில் ஏறாத சாவை உடம்பும் ஏற்றுக்கொள்ளவில்லை.

வெட்டிய துணி பறந்துவிடும் என்று தையல் கூடத்துச் சன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். ஒருவர் விட்ட மூச்சைத்தான் அடுத்தவர் இழுக்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் அங்கேதான் நோயை வாங்கி வந்து, ஒற்றை அறை வீட்டில் மனைவியின் மடியில் உயிரை விட்டார். காலையில் தையல் கூடத்துச் சங்கு ஊதியதும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். இருமலே வராத ஆட்கள், தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காத ஆட்கள், யாருக்குக் கிடைப்பார்கள்?

பள்ளத்தெருவில் நோய் ஏன் தலைகாட்டவில்லை என்று மேட்டுத்தெருப் படிப்பாளிகள் கூடிப் பேசினார்கள். வெயில் என்றார் ஒருவர். அழுக்கில் வளர்ந்த உடம்பு எதையும் தாங்கும் என்றார் இன்னொருவர்.

மாஸ்டரின் மனைவி சுகாதார அதிகாரி வீட்டு வாசலில் போய் நின்றாள். "ஐயா, எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரு. செத்தும் நின்னு துணி வெட்டிக்கிட்டு இருக்காரு. அவரைக் கொஞ்சம் படுக்க விடுங்க."

அதிகாரி கதவைப் பாதிதான் திறந்தார். "சோதனை பண்ணாம எப்படிம்மா செத்தாருன்னு சொல்றது? உங்க பக்கம்தான் நோயே இல்லையே!"

"அப்ப உங்க பக்கமே கூட்டிட்டு வர்றேன்," என்றாள் அவள்.

மறுநாள் கணவரின் கையைப் பிடித்து மேட்டுக்கு நடத்தி வந்து, அதே வாசலில் படுக்க வைத்தாள். மேட்டுத்தெரு வாசல் அல்லவா, வண்டி உடனே வந்தது. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். முடிவு வந்ததும் மாஸ்டர் அதுவரை கையிலேயே வைத்திருந்த கத்தரிக்கோலை விட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

விஷயம் தெரிந்து பள்ளத்தெருவில் செத்திருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறி வந்து படுத்தார்கள். அறிக்கையில் மேட்டுத்தெருதான் அதிகம் பாதிக்கப்பட்ட பகுதி என்று வந்தது; புது மருத்துவமனையையும் அங்கேயே கட்டினார்கள். பள்ளத்தெருக்காரர்கள் இன்றும் சாவதற்கு அங்கேதான் நடந்து போகிறார்கள். ஏற்றம் செங்குத்துதான். மூச்சு வாங்காதவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.