இரண்டாம் கியர்

என் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. பஸ் ஓட்டிப் பழகிய கை. என் காரிலோ கிளட்சே கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். "இதெல்லாம் ஒரு வண்டியா? தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு" என்று வாங்கிய நாளிலிருந்து வாருவான். ஆனால் ஏறி உட்கார்ந்தால் அவன் கண் கியர்க் கம்பியை விட்டு நகராது.

அன்று காலை அவனால் அந்தத் தொட்டிலைக்கூட ஓட்ட முடியவில்லை. ஆபீஸ் வேலையாக மலைக்குக் கீழே நகரத்துக்குப் போயிருந்த அண்ணி அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டாள். வயிற்றுக்குள் ரத்தக் கசிவாம், ரத்தம் கிடைத்ததும் ஆபரேஷனாம். போனில் அண்ணியே பேசினாள். "உள்ள போறதுக்குள்ள உங்கள ஒரு தடவ பாத்துடறேன். வந்துடுங்க."

அண்ணன் என் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். கார்க் கதவருகே சாவி கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தான், மறுபடி விழுந்தது. நான் எடுத்துக்கொண்டேன். அவன் இடப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

மலையிறக்கம் தொடங்கியதும் ஆரம்பித்துவிட்டான். "ஹாரன் அடி." "அந்த லாரிய முந்து." "ஐயோ, முந்தாத!" எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "நீ ஓட்டுறியா, நான் ஓட்டட்டுமா?" என்றேன். வாயை மூடிக்கொண்டான். உடனே கை விழித்துக்கொண்டது. தொடையைத் தட்டியது, கண்ணாடியை ஏற்றியது, இறக்கியது, பெல்ட்டைக் கழற்றி மாட்டியது. ஒரு வளைவில், நான் பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, கம்பியைக் கையால் கியர் மாற்றும் 'எம்' பக்கம் தள்ளிப் பின்னால் இரண்டு தடவை இழுத்துவிட்டான்.

இன்ஜின் அலறியது. கார் குலுங்கியதில் என் நெஞ்சில் பெல்ட் இறுகியது. எப்படியோ ஓரங்கட்டினேன்.

"உனக்கு அறிவிருக்கா? ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்போம்!"

"பிரேக் கருகுற நாத்தம் உனக்கு வரலையா?"

வந்தது. முன்னால் போன லாரியின் நாற்றம் என்று நினைத்திருந்தேன். அதை அவனிடம் ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

"வந்தா வாயால சொல்லு. கைய ஏன் நீட்டுற?"

அவன் தன் கையைப் பார்த்தான். "சும்மா வெச்சிருந்தா அவ நெனப்பாவே இருக்கு. என்னால முடியல பாப்பா" என்றான். குரல் உடைந்தது. அண்ணன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

"சரி. கியர் உன்னோடது. மத்ததெல்லாம் என்னோடது. நான் சொன்னா மட்டும் தொடு."

அப்படியே இறங்கினோம். "வளைவு" என்பேன். "ரெண்டு" என்று இழுப்பான். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள, என் கால் பிரேக்கிலிருந்து இளகியது. நாற்றமும் குறைந்தது. ஒருமுறை அவசரப்பட்டு ஒன்றுக்கு இழுத்தான். கார் கீச்சென்று சத்தம் போட்டு மறுத்துவிட்டது.

"பாத்தியா, உன்னவிட அதுக்குப் புத்தி இருக்கு" என்றேன்.

சிரிக்கப் பார்த்தான். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஏற்ற வேண்டிய ரத்தம் வந்துவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்றார்கள். அதற்குப் பிறகு நாங்கள் "வளைவு", "ரெண்டு" தவிர வேறெதுவும் பேசவில்லை.

நாங்கள் ஓடிப்போனபோது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றுகொண்டிருந்தது. அண்ணி முகம் வெளுத்துக் கிடந்தது. அண்ணன் ஸ்ட்ரெச்சர் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"யாரு ஓட்டினது?" என்றாள் அண்ணி.

"ரெண்டு பேரும்" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிக்கொண்டவள் அல்லவா. "உங்கண்ணன் கைய சும்மா விட்டுடாத" என்றாள் என்னிடம். நர்ஸ் அவன் விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் நடந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். அவனை இழுத்துப் பெஞ்சில் உட்காரவைத்து, இருவருக்கும் நடுவில் என் கையைக் கியர்க் கம்பி மாதிரி முஷ்டியாக மடக்கி நிறுத்தினேன். பற்றிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் பக்கமாக மெல்ல இழுத்தான். விடவில்லை.

"ரெண்டுலயே இருக்கட்டும்" என்றான், கதவைப் பார்த்தபடி.

"இருக்கட்டும்ணா" என்றேன்.