தலை கனத்த கிடார்

பல் டாக்டர் அந்த எலெக்ட்ரிக் கிடாரை உட்கார்ந்துகொண்டு வாங்கினாள். தப்பு அங்கேதான் நடந்தது. கடையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். மடியில் வைத்ததும் கிடாரின் கழுத்து அவளுடைய சின்னக் கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது. பின்பக்கம் மெல்லிசு; விரல் ஒட்டாமல் ஓடியது; கட்டைவிரல் தானாகப் போய்த் தன் இடத்தில் நின்றது. வேறு எதையும் அவள் பார்க்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஒரு ஹோட்டல் மாடியில் அவள் வாசிப்பாள், நாத்தனார் பாடுவாள். அங்கே நின்றுகொண்டு வாசிக்க வேண்டும். கிடாரோடு இலவசமாக வந்த நைலான் பட்டையைத் தோளில் மாட்டி நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. கிடாரின் உடம்பு லேசு, தலை கனம். கையை எடுத்தால் போதும், கழுத்து தரையைப் பார்த்துச் சரிந்தது. பட்டையும் ஒத்தாசையாக வழுக்கிக்கொண்டு கூடவே போனது.

ஆக, வாசிக்க வேண்டிய இடது கை பாதி நேரம் சுமை தூக்கியது. விழப்போகும் கழுத்தை நிமிர்த்த அவள் தோளை வெடுக்கென்று உயர்த்துவாள். கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடிப்பாள்.

கூட்டம் சொக்கிப்போனது.

"என்னமா அனுபவிச்சு வாசிக்கிறீங்க மேடம்!" என்று ஹோட்டல் மேனேஜர் உருகினார். "அந்தத் தோள் குலுக்கலுக்குன்னே ஆளுங்க வர்றாங்க."

மேடம் வீட்டுக்குப் போய்த் தோளில் ஐஸ் வைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் ஒருவருக்குக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது, தோள் வலியில் அவள் முகம் சுளிக்க, அவர் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்து, "ரொம்ப வலிக்குதா டாக்டர்?" என்று கேட்டார்.

"பேசாம வேற கிடார் வாங்கிடேன்," என்றார் கணவர்.

"கழுத்து எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரு குறைக்காக மாத்துறதுன்னா இந்த வீட்ல நிறைய மாத்தணும்."

கணவர் பேப்பருக்குள் போய்விட்டார்.

யோசனை கிளினிக்கில்தான் வந்தது. எக்ஸ்ரே எடுக்கும்போது மாட்டும் ஈய அங்கி கிடாரைவிடக் கனம். ஆனால் அகலமான, சொரசொரப்பான பட்டை தோளைக் கவ்விக்கொள்வதால் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை.

கிடாரையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் ஸ்டூலை இழுத்தார்.

"வேண்டாம், நின்னுதான் பார்க்கணும்."

அவர் பளபளவென்று பூப்போட்ட ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். "இது ரொம்ப ஓடுது மேடம்."

"ஓடுறதுதான் என் பிரச்சனையே."

கடைசியில் ஓர் அகலத் தோல் பட்டை கிடைத்தது; உள்பக்கம் சவரம் செய்யாத தாடைபோல் இருந்தது. மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விட்டாள். கடைக்காரர் பதறிப்போய்த் தாங்க வந்தார். கிடார் லேசாகத் தலையசைத்துவிட்டு அப்படியே நின்றது.

அந்தச் சனிக்கிழமை அவள் நேராக நின்று, ஒரு சுரம் பிசகாமல் வாசித்தாள். கைதட்டல் கடமைக்கு விழுந்தது.

மேனேஜர் கவலையோடு வந்தார். "உடம்பு சரியில்லையா மேடம்? வாசிப்புல உயிரே இல்லையே."

"இன்னைக்குத்தான் தப்பில்லாம வாசிச்சேன். பழைய பட்டை சரியில்ல, அதான் தோள் குலுங்குச்சு."

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழைய பட்டையைத் தூக்கிப் போட்டுடலையே?"

அவள் முகம் மாறுவதைப் பார்த்த நாத்தனார் குறுக்கே வந்தாள். "விடுங்க அண்ணி, நான் பார்த்துக்கறேன்."

அடுத்த வாரம், மைக்கைத் தவிர வேறு சுமையே இல்லாத நாத்தனார் தோளை வெடுக்கென்று உயர்த்தினாள். கண்ணை மூடிப் பல்லைக் கடித்தாள். மாடியே அதிர்ந்தது. பின்னால் நின்ற பல் டாக்டரை ஒருவரும் பார்க்கவில்லை. அவளுக்கும் அது வசதியாக இருந்தது. கை வலிக்காமல் வாசித்துக்கொண்டே பாட்டை முதல்தடவையாகக் காதுகொடுத்துக் கேட்டாள்.

வீடு திரும்பக் காரில் ஏறியதும் நாத்தனார் கேட்டாள், "எப்படி இருந்துச்சு அண்ணி?"

"ரெண்டு இடத்துல சுருதி இறங்கிடுச்சு."

"நான் கூட்டத்தைப் பத்திக் கேட்டேன்."

"கூட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சு," என்று சொல்லி வண்டியை எடுத்தாள் பல் டாக்டர்.