நான்கு தட்டுகளும் இடப்பக்கம்

பல் மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வும் பிரிவு உபசார விழாவும் ஒரே நாளில் வந்து வாய்த்தன. காலையில் தேர்வு, மாலையில் விழா. வகுப்பே தேர்வை நினைத்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க, நொட்டை மட்டும் விழாவை நினைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நொட்டை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. நொட்டாங்கைக்காரி, அதாவது எல்லா வேலையும் இடதுகையால் செய்கிறவள் என்பதைச் சுருக்கி, விடுதித் தோழிகள் முதலாண்டில் வைத்தது. எதைப் பார்த்தாலும் ஒரு குறை சொல்லும் குணமும் அவளிடம் கொஞ்சம் இருந்தபடியால், பெயர் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. அதைப்பற்றி அவளுக்கு வருத்தமில்லை. அவளுடைய வருத்தம் வேறு.

விழாவில் ஒவ்வொரு குழுவின் சார்பிலும் ஒருவர் மேடையேறி, இந்தக் கல்லூரி எப்படித் தன் இடமாயிற்று, யார் துணை நின்றார்கள் என்று பேசவேண்டும். அவள் குழுவில் மொத்தம் நால்வர். மற்ற மூவரும் கூடிப் பேசி, இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இவள் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

நன்றி சொல்ல அவளுக்குத் தயக்கமில்லை. மனசாரச் சொல்வாள். ஆனால் ‘இது என் இடம்’ என்று ஒலிவாங்கிக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? மூன்று பேர் முதுகில் ஏறிச் சவாரி வந்தவள், இறங்கும்போது குதிரை என்னுடையது என்று சொன்ன கதையாக அல்லவா இருக்கும்? ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். ஏறுவது, நன்றி சொல்வது, கொடுத்த சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்பது, இறங்குவது.

சிரமம் என்று அவள் எதைச் சொல்கிறாள் என்பதற்குப் பல் மருத்துவ நாற்காலியைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அந்த நாற்காலி வலதுகைக்காரர்களுக்கென்றே பிறவி எடுத்தது. சாய்ந்திருக்கும் நோயாளிக்கு வலப்பக்கம் மருத்துவர் உட்காருவார், சக்கரக்காலில் பொருத்திய கருவித் தட்டும் அந்தப் பக்கமே நிற்கும். இடப்பக்கம் உதவியாளர். வாய் கொப்பளிக்கும் பீங்கான் தொட்டியும் இடப்பக்கத்தில்தான் முளைத்திருக்கும். இடதுகைக்காரர் ஒருவர் தனக்கு வசதியாக இடப்பக்கம் உட்காரப் போனால், முட்டி போய் அந்தத் தொட்டியில் இடிக்கும்.

நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கிய முதல் நாளே ஓர் உதவிப் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, கையை மாற்றிக்கொள், முடியாவிட்டால் பேசாமல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காரும் துறையாகப் பார்த்துப் போய்விடு என்றார். அவளும் வலதுகையால் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கிப் பார்த்தாள். உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்தது மாதிரி வந்தது.

அப்போதுதான் அந்த மூவரும் குறுக்கே வந்தார்கள். ஒருவன் அகராதி. எதற்கும் பதில் வைத்திருப்பவன், கேட்காவிட்டாலும் சொல்பவன். அந்த உதவிப் பேராசிரியரிடமே போய், “சார், தன்னை எந்தக் கை அடைக்குதுன்னு பல்லுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இன்னொருத்தி பெரியம்மா. வயது எல்லோருக்கும் உள்ள வயதுதான். ஆனால் பையில் ஊசி, நூல், தலைவலி மாத்திரை, மாற்றுக் குடை எல்லாம் வைத்துக்கொண்டு, கிடைத்தவர்களையெல்லாம் திட்டித் திட்டிக் கவனித்துக்கொள்பவள். அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விரிசல் விட்ட தொட்டியைக் கழற்றி எடுத்துவிட்ட நாற்காலி ஒன்று கடைசியில், ஜன்னலோரம் கிடந்தது. நொட்டையின் முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் இடப்பக்கம் போட்டாள். அவ்வளவுதான். மூன்றாமவன் தூங்குமூஞ்சி. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவான். ஆனால் குழாய் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு இம்மியும் நகராது.

அன்றிலிருந்து மூவரும் முறைவைத்து அவளுக்கு உதவியாளராக நின்றார்கள், எல்லாவற்றையும் தலைகீழாகப் பழகிக்கொண்டு. தட்டை இடப்பக்கம் வைத்தார்கள். விளக்கை எதிர்ப்பக்கமிருந்து திருப்பினார்கள். தொட்டி இல்லாத குறைக்கு நோயாளியின் வாயருகே கிண்ணம் ஏந்தினார்கள். காலையில் மற்ற குழுக்கள் சீட்டுக் குலுக்கி வரிசைகளைப் பிரித்துக்கொள்ளும். இவர்களுக்குக் குலுக்கல் கிடையாது. நொட்டையின் நாற்காலி இருக்கும் ஜன்னல் வரிசைதான் என்றும். என்னால் இவர்களுக்கு விரும்பிய இடம்கூட இல்லாமல் போயிற்றே என்று அவள் உள்ளுக்குள் குமைவாள். வகுப்பிலும் விடுதிச் சாப்பாட்டு மேசையிலும் அவளுக்கு என்றைக்கும் இடதுகோடி இருக்கைதான் வந்து சேரும். ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், வைக்கட்டும் என்று உட்கார்ந்துகொள்வாள்.

இந்த எண்ணத்துக்கு எண்ணெய் வார்த்த சம்பவம் ஒன்றும் உண்டு. ஒரு நாள் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் வேறு குழுப் பையன் ஒருவன் அகராதியிடம், “நொட்டையோட பேட்ச்சா? பாவம்டா நீங்க” என்றான். அகராதி ஏதோ பதில் சொன்னான். அதற்குள் காற்றழுத்த எந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்துவிட்டது. என்ன சொன்னான் என்று அவள் கேட்டதே இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால்? கேட்காதவரைக்கும் சொல்லாத மாதிரிதானே.

தேர்வு நாள் காலை. வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கவேண்டும், உதவியாளர் கிடையாது. இந்தக் குழுவில் தட்டுகளை அடுக்கும் வேலை முறைவைத்து நடக்கும். அன்று பெரியம்மாவின் முறை. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற பெரியம்மாவுக்கு அன்றைக்கென்று பார்த்து உதறல் எடுத்துவிட்டது. உதடு பாடத்தை முணுமுணுக்க, கை பாட்டுக்கு நான்கு நாற்காலிகளுக்கும் தட்டு வைத்துவிட்டு வந்தது.

நொட்டை கடைசி நாற்காலியில் தன் நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருந்தபோது ‘ணங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அடுத்த நாற்காலியில் அகராதி, தட்டு நின்ற பக்கமே போய், நோயாளிக்கு இடப்பக்கம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். முட்டி தொட்டியில் இடித்துச் சிவந்திருக்கவேண்டும். அதைக்கூடப் பொருட்படுத்தாமல் விளக்கைத் தப்பான பக்கமாகத் திருப்பி, வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியை வலதுகையிலும் பல்லைச் சோதிக்கும் கொக்கியை இடதுகையிலும் எடுத்துக்கொண்டு, அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தான். சாய்ந்து கிடந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து, “டிரைவர் சீட்டு அந்தப் பக்கம் மாறிடுச்சா தம்பி?” என்று விசாரித்தார்.

தேர்வாளர் அம்மாள் வந்து நின்றார்.

“இடதுகைப் பழக்கமா உங்களுக்கு?”

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க?”

அகராதி வாழ்க்கையில் முதல்முறையாகப் பதிலுக்குத் திணறினான். தட்டைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

“எங்க பேட்ச்ல இதுதான் மேடம் சரியான பக்கம்.”

அம்மாள் கண்ணாடிக்கு மேலாக வரிசை முழுவதையும் பார்த்தார். நொட்டையும் பார்த்தாள். பெரியம்மாவின் தட்டு இடப்பக்கம் நின்றது. தட்டு ஏன் கைக்கு எட்டவில்லை என்று தெரியாமல் அவள் தன் நோயாளியின் நெஞ்சுக்கு மேலாகக் கையை நீட்டி நீட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். தூங்குமூஞ்சி ஒருவன்தான் விழித்திருந்தான். சத்தமில்லாமல் தன் தட்டை உருட்டிக்கொண்டுபோய் வலப்பக்கம் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தான். தேர்வாளரோடு வந்திருந்த துறைத் தலைவி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது.

“சரி, இப்போ உங்க சொந்தப் பக்கத்துக்குப் போய் உக்காருங்க” என்றார் தேர்வாளர். குரலில் கோபமில்லை. அகராதி இடம் மாறினான். அதன்பிறகு அவன் வேலையில் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

கடைசியாக அம்மாள் நொட்டையிடம் வந்தார். இடதுகையில் சுழலும் கருவியைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது. “ஓ, அப்போ நீங்கதானா அது” என்றார். அடைத்த பல்லின் விளிம்பில் கொக்கியை ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்கு” என்று நகர்ந்தார்.

தேர்வு முடிந்து தாழ்வாரத்துக்கு வந்ததும் பெரியம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். “என் புத்தி எங்க மேயப் போச்சுன்னே தெரியல. கை அதுபாட்டுக்கு வச்சிடுச்சு” என்றாள். அகராதி நொண்டியபடி வந்து, உனக்குக் கை, எனக்குக் கால், ரெண்டும் அதுபாட்டுக்குத்தான் போகுது என்று சொன்னான். தூங்குமூஞ்சி, எதற்கும் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். நொட்டைக்கோ, தட்டுகள் இடப்பக்கம் நின்ற அந்த வரிசை கண்ணைவிட்டு அகலவில்லை. வேண்டாவெறுப்பாகச் செய்கிற வேலை என்றால், எப்போது முடியும் என்றுதானே கை காத்திருக்கும்? தேவையே இல்லாத இடத்திலும், அதுவும் தன் சொந்தத் தேர்வில், அதுபாட்டுக்கா செய்யும்?

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. அவள் முறை வந்தது. ஒலிவாங்கியை யாரோ வலப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். பழக்கப்படி அதை இந்தப் பக்கம் திருப்பினாள். ஒரு சிலர் சிரித்தார்கள்.

“நான் இன்னிக்கு இங்க மன்னிப்புக் கேக்கலாம்னுதான் இருந்தேன்” என்று ஆரம்பித்தாள். “காலையில நடந்ததைப் பார்த்த பிறகு கேக்கப்போறதில்லை.”

பிறகு காலைக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். ‘ணங்’ என்ற இடத்தில் சிரிப்பு தொடங்கி, டிரைவர் கேட்ட கேள்வியில் கூரை அதிர்ந்தது. முன்வரிசையில், கையை மாற்றச் சொன்ன உதவிப் பேராசிரியரே எல்லோருக்கும் முந்திக் கைதட்டினார். தான் சொன்னது அவருக்கு மறந்துபோயிருக்கவேண்டும். சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள்.

“நான் இவங்களோட இடத்துல வந்து ஒட்டிக்கிட்டேன்னு இத்தனை நாள் நினைச்சேன். இவங்க என்னடான்னா, வலதுகையை வச்சுக்கிட்டு என் இடத்துக்குக் குடிவந்திருக்காங்க. அதனால, இது என் இடம்தான். தைரியமாச் சொல்றேன்.”

கைதட்டலுக்கு நடுவே இறங்கி வந்தாள். மூவரும் உட்கார்ந்திருந்த வரிசையின் இடதுகோடி நாற்காலியில் பெரியம்மாவின் பை இடம் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சூட்டோடு சூடாகக் கேட்டுவிட நினைத்தாள்.

“ஏன் எப்பவும் எனக்கு ஓரத்து இடமே போடுறீங்க?”

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “முதல் வருஷம் மெஸ்ல உன் இடது முழங்கை இடிச்சு என் தட்டுல எத்தனை டம்ளர் தண்ணி கவிழ்ந்துச்சு, அதெல்லாம் மறந்துபோச்சாடீ? எங்க பக்கத்துல உக்கார வச்சா தினமும் குளிக்கணும்.”

நொட்டைக்கு அடுத்ததையும் கேட்கும் துணிச்சல் வந்துவிட்டது. அந்தச் சுவர், அந்தப் பையன், ‘பாவம்டா நீங்க’, எல்லாவற்றையும் சொல்லி, நீ என்னதான் பதில் சொன்னாய் என்று அகராதியைக் கேட்டாள். அவன் நெற்றியைத் தேய்த்துப் பார்த்தான். சத்தியமாக நினைவில்லை என்றான். அப்படி ஒரு சம்பவம் நடந்ததே அவனுக்கு நினைவில்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்றான் தூங்குமூஞ்சி, மூடிய கண்ணைத் திறக்காமலே. “நானும் அங்கதான் சுவத்துல சாஞ்சிருந்தேன். ‘அவளாலதான் சீட்டே குலுக்காம எங்களுக்கு ஜன்னலோரம் கிடைச்சிருக்கு, உனக்கு வயித்தெரிச்சல், போடா’ன்னான்.”

“சொல்லியிருப்பேன்” என்று அகராதி ஒப்புக்கொண்டான். “நல்லாக் காத்து வரும் அங்க.”

இதற்காகவா இத்தனை காலம் மனசைப் போட்டு அரித்துக்கொண்டோம் என்று நொட்டைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் இடதுகையை ஓங்கி அகராதியின் முட்டியில் ஒரு தட்டு தட்டினாள். காலையில் இடிபட்ட அதே முட்டி. அவன் போட்ட கூச்சலில், மேடையில் பேசிக்கொண்டிருந்த அடுத்த குழுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு, அங்கே யாருக்குப் பல்வலி என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார்.