மூடாத ரொட்டி

எஸ்ரா இறந்தபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை விருந்துக்கு, அவர் கடைக்கு எதிர்க்கடைக்காரியான என்னையும் அவர் மகள் ஃப்ளோரா, லான்மடாவ் தெருவிலிருந்த தங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தாள்.

மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திராட்சை ரசக் கோப்பையை எடுத்தாள். ரசத்துக்கு ஜெபம் சொல்லி முடியும்வரை ரொட்டியை மூடிவைப்பது யூதர் வழக்கம். மறந்துவிட்டாளே என்று என் கை தானாகத் துணியை இழுத்து மூடியது.

"முஸ்லிம் வீட்டு மனுஷி, உங்களுக்கு எப்படி ஆன்ட்டி இது தெரியும்?"

பொய் வரவில்லை. "உங்க அப்பா சொல்லிக்கொடுத்தது. நாளைக்கு நம்ம வீட்டுல நீதான் மூடணும்னு என்கிட்ட சொன்னாரு. அப்ப எனக்கு இருபது வயசு."

ஃப்ளோரா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் மறக்கல ஆன்ட்டி. அம்மா மூடப் போனாக்கூட அப்பா விடமாட்டாரு. மூடவேண்டியவ இன்னும் வரலைன்னுவாரு."

பாவி மனுஷன். நானோ முதலில் வாப்பாவுக்கும் பிறகு ஊருக்கும் பயந்து, நாற்பது வருடம் எதிர்க்கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.