ஒரே உறையில் இரண்டு தாள்

மதுரை சிம்மக்கல்லில் கணவன் நஜீமின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடியே நுஸைபா சேராத படிப்பு கிடையாது. மூடிக்கு அடியில் அந்தப் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகரும்போது, கண்ணாடியில் கவிழ்ந்து கிடப்பது யாருடைய விண்ணப்பமாக இருந்தாலும் சரி, பெயர்க் கட்டத்தில் அவள் தன் பெயரைத்தான் வாசித்துக்கொள்வாள். ஒரு ஜூன் மாதம் சட்டம் படித்தாள். மறு ஜூனில் மீன்வளம். வெளிச்சம் அணைந்ததும் படிப்பும் முடிந்துவிடும். சூடாக வந்து விழுகிற தாளை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். காசா பணமா, கனவுதானே.

நர்சிங் விண்ணப்பம் வந்தால் மட்டும் இந்த விளையாட்டு நடக்காது. அதை மட்டும் பெயர்க் கட்டத்தைப் பார்க்காமலே கவிழ்த்து வைப்பாள். ஏனென்றால் அது அவள் உண்மையாகவே போயிருக்க வேண்டிய இடம்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு, நர்சிங் சேர்வதற்காக டிசியையும் மதிப்பெண் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இதே கடைக்குத்தான் வந்தாள். அந்தக் காலத்தில் முக்கியமான தாள் என்றால் லேமினேஷன் போடாமல் யாருக்கும் தூக்கம் வராது. கையில் ஒரு தாளுக்குத்தான் காசு இருந்தது. கடையில் நின்ற இளைஞன், "ரெண்டையும் முதுகோட முதுகு வச்சு ஒரே பிளாஸ்டிக்ல போட்டுத் தாரேன், ஒண்ணுக்குக் குடுங்க போதும்" என்றான். சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனாள். இருபது நாள் கழித்து அவனுடைய அம்மா மெஹருன்னிசா பெண் கேட்டு வீட்டுக்கு வந்து நின்றார்.

நுஸைபாவின் அத்தா பீர் முகமது அதுவரைக்கும் படிப்புக்குச் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வரன் வாசலுக்கு வந்ததும் பேச்சு மாறிவிட்டது. "சொந்தக் கட வச்சிருக்கிற மாப்ள. தேடி வர்ற இடத்த விடலாமா?" என்றார். நர்சிங் அத்தோடு முடிந்தது. உறையில் போட்ட இரண்டு தாளும் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

கல்யாணமான புதிதில் ஒருநாள் கேட்டாள்: "நான் நர்சுக்குப் படிக்கப் போறதா இருந்தது உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க அத்தா ஒரு வார்த்த சொல்லலியே. தெரிஞ்சிருந்தா ரெண்டு வருசம் கழிச்சு வந்திருப்போம்ல."

அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பாவம், தெரியாமல் நடந்ததற்கு யாரை என்ன சொல்வது? அந்த 'தெரியாது' என்ற சொல்லின் மேல்தான் அவள் குடும்பத்தையே கட்டினாள். நல்ல மனுஷன்தான். குரலை உயர்த்திப் பேசாதவன். மீனில் நடுத்துண்டை இவள் தட்டில் வைப்பவன். மகள் பிறந்தாள், இப்போது ஒன்பதாம் வகுப்பு. நுஸைபாவுக்கு முப்பத்து நான்கு ஆகி, நவம்பர் வந்தால் முப்பத்தைந்து.

போன வருஷம் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோது, மூன்று மாதம் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மருந்து கொடுத்து நடக்கவைத்தவள் நுஸைபாதான். பார்க்க வந்த டாக்டர் முதுகைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க சிஸ்டரா இருக்கீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு அடுப்படியில் போய் நின்று அவள் அழுதாள். மெஹருன்னிசா கட்டிலில் இருந்தபடியே சொன்னார்: "ஏதாச்சும் ஒரு எடத்துல போய்ப் படிச்சுருத்தா. சோத்த நான் உக்காந்துக்கிட்டே வடிச்சுக்கிறேன்."

சொல்வது லேசு. அலைந்து பார்த்தால் அல்லவா தெரிகிறது! பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாடியில் ஒரு இடம்: ஆறு மாதத்தில் நர்ஸ், வேலை உறுதி, வெள்ளைக் கோட்டு இலவசம். "படிச்சா நர்சிங் கவுன்சில்ல பதிவாகுமா?" என்று கேட்டாள். "மொதல்ல ஒக்காருங்க மேடம், டீ சாப்பிடுங்க" என்றார்கள். மூன்று தரம் கேட்டாள், மூன்று தரமும் டீதான் பதிலாக வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய கல்லூரியில் எல்லாம் முறையாக இருந்தது. கட்டணத்தைக் கேட்டவள் மறுபேச்சில்லாமல் படி இறங்கினாள். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லைதான், ஆனால் தேர்வுப் பட்டியல் அவள் மதிப்பெண்ணுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது.

ஆகஸ்டில் ஒரு நண்பகல், பவதாரிணி என்று ஒரு பெண் ஒரு கையேட்டைக் கொண்டுவந்து மூன்று நகல் கேட்டாள். மேலூர்ப் பக்கம் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரி. கிராமத்து நர்சுகளுக்கான இரண்டு வருஷப் படிப்பு, முறையான பதிவு உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு போதும். வயது முப்பத்தைந்துக்குள். படித்து முடித்து இரண்டு வருஷம் அவர்களுடைய கிராமத்துக் கிளினிக்கில் வேலை பார்க்கச் சம்மதித்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. அக்கம்பக்கத்துக் கல்யாணமான பெண்கள் வீட்டிலிருந்தே வந்துபோகலாம். பச்சை வெளிச்சம் நகர்ந்தது. இந்தத் தடவை நுஸைபா நான்கு நகல் எடுத்தாள்.

விண்ணப்பத்தோடு இணைக்க, பீரோவிலிருந்து அந்த உறையை எடுத்து வந்தபோது நஜீம் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன், பேசாமல் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக் கொடுத்தான். 'டிசியை லேமினேட் செய்யாதீர்கள்' என்று கடை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டிருப்பவன் அவன்தான். தினமும் அந்த அட்டைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவள் இவள். விளக்கடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

பட்டியலில் அவள் பெயர் வந்தது. மூலச் சான்றிதழோடு வந்து சேரக் கடைசி நாள், செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. ஒத்தக்கடை தாண்டியதும் ஆனைமலை பஸ்ஸோடு கொஞ்சதூரம் கூடவே வந்துவிட்டு நின்றுகொண்டது. நாற்று நட்டு நான்கு நாளான வயல்களில் தண்ணீரே அதிகம், பச்சை கொஞ்சம்; வானம் தரையில் கிடக்க, அதன்மேல் கொக்குகள் நடந்தன. நுஸைபா கண்ணை மூடாமலே கனவில் இருந்தாள். வயல் வரப்பில் ஒரு நர்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறாள், வீட்டு வாசலில் ஒரு கர்ப்பிணி காத்திருக்கிறாள், "சிஸ்டர் வந்துட்டாக" என்று யாரோ உள்ளே பார்த்துச் சொல்கிறார்கள். அந்த நர்சுக்கு முகம் இல்லாமல் இருந்தது. பஸ் வளைவில் திரும்பியபோது முகமும் வந்துவிட்டது, இவளுடைய முகம்தான். கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

அலுவலகத்தில் இருந்தவர் பெயர் பிலோமினாள் என்று மேசைப் பலகை சொன்னது. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர் உறையைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"அய்யோ, என்னம்மா இது, டிசிய லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னு பண்ணுனதும்மா."

"பத்திரமாத்தான் இருக்கு. அது பின்னாடி சேர்க்கை நம்பர் எழுதி சீல் வைக்கணுமே. பிளாஸ்டிக்ல இங்க் நிக்காது. இப்புடி அனுப்புனா மேலருந்து திருப்பி விட்ருவாங்க. பள்ளிக்கூடத்துல நகல் டிசி வாங்கிட்டு வந்துருங்க."

"அதுக்கு எம்புட்டு நாளாகும்?"

"ஒரு மாசமாச்சும் ஆகும்." அவர் குரல் இறங்கியது. வயதுக் கட்டத்தை அவரும் பார்த்திருக்கிறார்; அடுத்த வருஷம் இவளுக்கு வயது தாண்டியிருக்கும். "இன்னைக்கு நாலு மணி வரைக்கும் நான் இருப்பேன். பின்பக்கம் மட்டும் வெறும் பேப்பரா இருந்தாப் போதும். வேற வழி இருந்தா பாருங்கம்மா."

வெளியே ஒரு புங்கமரம், அதன் அடியில் சிமெண்டு பெஞ்சு. மணி பதினொன்றரை. நுஸைபா நஜீமுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

"அத உரிக்க முடியாதா?"

"முன்பக்கம் ஒட்டுனது ஒட்டுனதுதான். உரிச்சா எழுத்தும் சேந்து வந்துரும்."

"அப்ப அம்புட்டுத்தானா?"

மறுமுனையில் கடைத்தெருவின் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று அவள் பார்த்தாள். வைக்கவில்லை.

"பின்பக்கம் ஒட்டியிருக்காது" என்றான் கடைசியில். "ரெண்டு தாளும் முதுகோட முதுகு இருக்கு. பசை வெளிப்பக்கம் மட்டுந்தான். ஓரத்த வெட்டுனா ரெண்டும் தன்னால பிரிஞ்சுரும். நான் வாரேன். நீ எதையும் தொடாத."

அவன் வருகிறவரை அவள் அந்த மரத்தடியில் இருந்தாள். புங்கம் இலைகளின் நிழல் மடியில் கிடந்த உறையின் மேல் ஆடியது. வெளிர்நீலப் புடவை கட்டிய பெண்கள் ஐந்தாறு பேர் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். அவர்கள் போன பிறகும் டெட்டால் வாசனை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இந்த வாசனைக்குள் வந்து உட்காரப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது, நாலு மணிக்குள் வெளியே போகச் சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தாள். பயமாக இருந்தது. கிட்டேயே இருந்த கண்மாயிலிருந்து காற்று வந்தபோது அந்தப் பயம்கூடத் தூக்கம் போலத்தான் இருந்தது.

நஜீம் கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் வந்து இறங்கினான். சட்டை முழுக்க வியர்வை. பையிலிருந்து இரும்பு ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தான். பெஞ்சில் உறையை வைத்து, ஸ்கேலை ஓரத்தில் பொருத்தி, பிஸ்மி சொல்லி பிளேடை வைத்தான். இழுக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். இந்தத் தடவை ஸ்கேலை நகர்த்திச் சரிசெய்தான். ஒரு நாளைக்கு நூறு தாள் வெட்டுகிற கை அது.

"குடுங்க இங்கிட்டு" என்றாள் நுஸைபா.

முதல் ஓரம் ஒரே இழுப்பில் வந்தது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நான்கு ஓரமும் வெட்டி முடிந்ததும் நகத்தைக் கொடுத்து மெல்ல நெம்பினாள். இரண்டு தாளும் சத்தமில்லாமல் பிரிந்தன. டிசியின் முதுகு, போட்ட அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, வெறும் தாளாக. வலது மூலையில் மட்டும் பென்சிலில் ஒரு வரி.

யாருடைய தாள் எது என்று மாறிப்போகாமலிருக்க, கொடுத்தவர் அடையாளத்தையும் கொடுக்க வேண்டிய நேரத்தையும் பின்பக்கம் பென்சிலில் குறித்துவைப்பது அந்தக் கடையின் பழக்கம். நஜீமின் சாய்ந்த எழுத்து அவளுக்குத் தெரியாததா?

'நர்சுக்குப் படிக்கப் போற பொண்ணு. சாயங்காலம் 5 மணி.'

அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். அன்றைக்குக் கடைக்கு வந்தபோது காசு குறைந்த கூச்சத்தில், "நர்சிங் சேரப் போறேன், அதுக்குத்தான்" என்று தானே சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"தெரிஞ்சிருக்கு" என்றாள்.

நஜீம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "தெரியும்" என்றான். "ரெண்டு வருசம் விட்டா வேற எவனாச்சும் கேட்டு வந்துருவான்னு பயந்துட்டேன். அப்பறம் நீ கேட்டப்ப சொல்ல தைரியமில்ல."

"இத வெட்டுனா வெளிய வந்துரும்னும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவளுக்குக் கோபம் வந்தது. பதினாறு வருஷத்துக் கோபம் ஒரேயடியாக வந்தது. அந்தப் பிளேடைத் தூக்கிக் கண்மாயில் எறியலாம் போலிருந்தது. பசை உள்ளே இல்லை என்று இவன் போனில் சொல்லாமல் இருந்திருந்தால், இந்த வரி பிளாஸ்டிக்குக்குள்ளேயே கிடந்திருக்கும், இவளும் பீரோவோடு கிடந்திருப்பாள். அந்த நினைப்பும் கோபத்தின் கூடவே வந்து நின்றது. எதை முதலில் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நடந்தாள்.

பிலோமினாள் தாளைத் திருப்பிப் பார்த்து முகம் மலர்ந்தார். "அட, பின்பக்கம் புதுசாவுல்ல இருக்கு!" பிறகு மூலையைக் கவனித்து ரப்பரை எடுத்தார். "யாரோ என்னமோ கிறுக்கி வச்சிருக்காங்க, அழிச்சுருவமா?"

நுஸைபா திரும்பிப் பார்த்தாள். நஜீம் வாசலில், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அழிக்காதீங்கம்மா" என்றாள். "அதுல உள்ளது உண்மதான். கீழ எடமிருக்குல்ல, அங்க போடுங்க."

அவர் ரப்பரை மேசையில் வைத்தார். பிறகு, பென்சில் வரிக்குக் கீழே சேர்க்கை எண்ணை எழுதி, நீல மையில் சீலை ஒற்றினார். "இன்னைக்கே யூனிஃபார்ம் துணிக்கு அளவு குடுத்துட்டு, வார்டெல்லாம் ஒரு சுத்து பாத்துட்டுப் போங்க சிஸ்டர்."

நுஸைபா வாசலுக்கு வந்தாள். அவன் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தான். "வீட்டுக்குப் போவமா?" என்றான், கெஞ்சுகிற குரலில்.

"நீங்க போங்க. எனக்கு இங்க வேல இருக்கு."

அவன் தலையாட்டிவிட்டு நடந்தான். புங்கமரத்தைத் தாண்டும் வரை விட்டுவிட்டு அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க! சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து என்னய வாங்கிட்டுப் போங்க."