மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் பூத்த காகிதப்பூ

வேர் இந்தப் பக்கம், உரம் இந்தப் பக்கம், தண்ணீர் இந்தப் பக்கம். பூ மட்டும் மதிலுக்கு அந்தப் பக்கம்.

தையல்காரரின் மனைவி ஆசையாக நட்ட காகிதப்பூக் கொடி இப்படித்தான் விசுவாசம் காட்டியது. அந்தப் பக்கத்து வீட்டில் அவளுடைய ஓரகத்தி. எதையும் கேட்காமலே பெற்றுக்கொள்வதில் கைதேர்ந்தவள்.

"ராசியான கை தங்கச்சி உனக்கு! எங்க வாசலப் பாரு, எப்படி ஜொலிக்குது!" என்று மதில்மேல் தலையை நீட்டிப் பாராட்டுவாள்.

தையல்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். பூக்கலேன்னா புடுங்கிட்டு ஸ்கூட்டருக்குக் கொட்டகை போட்டுருவேன்."

"மூணு வருஷமா வளத்த செடிங்க."

"மூணு வருஷமா உக்காந்து தின்னுது. உன் தம்பியே பரவாயில்ல, எப்பவாவது சிரிப்பான்."

அவள் யோசித்தாள். மதிலின் இரு பக்கமும் ஒரே வெயில். குடிப்பது ஒரே வேர். அப்படியானால் கோளாறு வேருக்கு மேலேதான் எங்கோ இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை மானத்தை விழுங்கிக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். ஒரு கிளையைப் பிடித்து விரலை ஓட்டினாள். நடுக்கிளையில் பூவே இல்லை. நீண்டு தொங்கிய புதுத்தளிர்களின் நுனிப் பக்கம்தான் அத்தனையும்.

"இத யாரும் வெட்டறதில்லையா அக்கா?"

"இவரு தன் தாடியவே வெட்டறதில்ல. கொடியவா வெட்டப் போறாரு?"

திரும்பி வந்தால், வாசலில் தையல்காரர் கத்தரியோடு நிற்கிறார். அவருடைய தையல் மெஷின் வாசலில் கொடியைப் பார்த்தபடிதான் கிடந்தது. தொங்கும் நூலைக் கண்டால் கை அரிக்கும் மனிதர். கொடியில் துருத்திய நுனிகளையெல்லாம் கால்சட்டை விளிம்பு போலச் சமப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் தினமும் பார்த்த காட்சிதான். வெட்டினால் அடர்த்தியாக வளரும் என்று நம்பினாள். வளரத்தான் செய்தது.

"என்னங்க பண்றீங்க?"

"பிசிறு எடுக்கறேன்."

"அதுதாங்க பூ."

கீழே கிடந்த நுனியை எடுத்துக் காட்டினாள். இலைக்கணுவில் அரிசிக்குருணை அளவில் மொட்டுகள்.

அவர் மொட்டுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "கொட்டகை வேண்டாம்," என்றார். "ஆனா பிசிறப் பாத்துக்கிட்டு எப்படிடி சும்மா இருக்கறது?"

"மெஷின வீட்டுச் சுவரப் பாக்கத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டார். அடுத்த பூப்பில் இந்தப் பக்கமும் சிவந்தது. காகிதப்பூ புதுத்தளிரில்தான் பூக்கும். பூ உதிர்ந்ததும் ஒருமுறை வெட்டிவிட்டு, மறுபடி பூத்து முடியும்வரை நுனியைத் தொடக்கூடாது.