ஹீலியம் குறைந்த நட்சத்திரம்

குழந்தை போன இருபத்துமூன்றாம் நாள் முத்துத்தாய் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். மேசையில் அவள் விட்டுப்போன வரைபடச் சுருள் அப்படியே கிடந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பென்சிலைச் சீவினாள். அலுவலகத்துப் பெண்கள் இரண்டு பேர் வாசல்வரை வந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல், காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பெண் குழந்தை. பத்தொன்பது நாள் இருந்தது. ஒரு காலையில் பால் குடித்துவிட்டுத் தூங்கியது, பிறகு எழுந்திருக்கவில்லை. முத்துத்தாய் அன்றும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. எப்போது உடைந்து அழுவாள் என்று அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த உறவுக்காரப் பெண்கள் ஏழாம் நாளுக்குப் பின் ஒவ்வொருவராக ஊருக்குப் புறப்பட்டார்கள்.

அவளுடைய ஆராய்ச்சி, சூரியனைவிடப் பல மடங்கு சூடான நீல நட்சத்திரங்களில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளப்பது. காவலூர்த் தொலைநோக்கியில் பிடித்த நிறமாலைப் புகைப்படத் தகடுகளை ஒரு கருவி நீண்ட தாளில் மைக்கோடாக வரைந்து தரும். ஒளி குறையும் இடங்களில் கோடு பள்ளமாக இறங்கும். ஒரு பள்ளம் ஹீலியம், இன்னொன்று சிலிக்கான். பள்ளங்களே இல்லாவிட்டால் கோடு எந்த உயரத்தில் போயிருக்குமோ, அதைக் கண்ணால் மதிப்பிட்டு, பென்சிலால் மேலே ஒரு கோடு இழுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள பரப்பிலிருந்துதான் தனிமத்தின் அளவைக் கணக்கிடுவார்கள். அவள் எடுத்துக்கொண்ட மூன்று நட்சத்திரங்களில் கடைசியானதில் ஹீலியம் வழக்கமான அளவில் பாதிதான் இருந்தது. பேராசிரியர் தவசி அதைக் கண்டுபிடிப்பு என்றே சொன்னார். பெங்களூர்க் கருத்தரங்குக்கு ஆய்வுச் சுருக்கமும் அனுப்பிவிட்டார்.

செய்வதற்கு வேறொன்றும் தோன்றாததால் அந்த நட்சத்திரத்தையே மறுபடி அளந்தாள். பதினோரு மணிக்குப் பால் கட்டி மார்பு கனத்தது. ரவிக்கை நனைந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்குப் போனாள். மூன்று முறை அளந்தும் விடை மாறவில்லை. ஹீலியம் எல்லா நட்சத்திரங்களிலும் உள்ளதுபோலச் சரியான அளவில் இருந்தது.

பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஏழு மாத வயிற்றோடு மேசையில் முட்டிக்கொண்டு இழுத்த கோடு. ஹீலியம் வரும் இடங்களிலெல்லாம் மயிரிழை அளவு தாழ்ந்திருந்தது. பள்ளங்கள் அதனால்தான் சின்னதாகிப் போயிருந்தன. பொய் சொல்ல வேண்டுமென்று இழுத்ததல்ல. அப்போது அவளுக்கு எல்லாவற்றின் மேலும் ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தவசியின் அறைக்குப் போனாள்.

"சார், அது சாதாரண நட்சத்திரம்தான்."

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். "இப்ப நீ இருக்கற நெலமையில அளந்தது தப்பாப் போயிருக்கலாம்ல? வீட்டுல கொஞ்சநாள் இரும்மா. அப்புறமாப் பாப்போம்."

"இல்ல சார். இப்ப எனக்கு எதுவும் வேணும்னு தோணல. அதனால கோடு சரியா விழுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்து வருஷ வேலையில் அந்த ஒன்றுதான் புதிது என்பது இருவருக்கும் தெரியும். "அது வேணாம்னு பெங்களூருக்குத் தந்தி குடுத்துடுறேன்" என்றார் கடைசியில். "இதோட விட்டுறாத. இன்னும் நட்சத்திரம் இருக்கு." அவள் தலையாட்டினாள்.

சாயங்காலம் காளவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கணவன் வீரணன் சைக்கிளோடு நின்றிருந்தான். செல்லூரில் விசைத்தறி பழுது பார்ப்பவன். கை முழுக்க எண்ணெய். அவளைக் கூட்டிப்போக இத்தனை தூரம் அவன் இதுவரை வந்ததில்லை.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." கொஞ்ச தூரம் நடந்தார்கள். "நான் சொல்லுவேன்ல, அந்த நட்சத்திரத்துல ஒண்ணு கொறையுதுன்னு. இன்னிக்கு அளந்து பாத்தேன். ஒரு கொறையும் இல்ல."

வீரணன் நின்றுவிட்டான். "நம்ம பிள்ளைக்கும் அதத்தானே சொன்னாரு டாக்டரு. ஒரு கொறையும் இல்ல, எல்லாம் சரியா இருந்துச்சுன்னு." சைக்கிளைப் பிடித்திருந்த கை நழுவியது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே, லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு போக, வாயைத் திறந்து சத்தமாக அழுதான்.

முத்துத்தாய் சைக்கிளைச் சாயாமல் பிடித்துக்கொண்டாள். அவன் பிடித்திருந்த கைப்பிடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பழக்கடைக்காரி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். செம்பின் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.